மேஜர் டெய்லர்: சொந்த நாட்டில் இடம் கிடைக்காத உலகச் சாம்பியன்

ஆலனிலிருந்து தெற்கே சில நிமிடம் கார் ஓடினால் பிளேனோ வந்துவிடும். லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வளர்ந்த ஊர் அது. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு தடவை டூர் டி பிரான்ஸ் போட்டியில் வென்றவர், ஊக்கமருந்து பாவித்ததற்காக 2012இல் அந்த ஏழு வெற்றிகளையும் இழந்தார். ஜூலை மாதத்தில் இங்குள்ள தமிழ் வீடுகளில் பிள்ளைகள் அந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பெரியவர்கள் இந்தக் கதையைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். ஆம்ஸ்ட்ரோங்கின் பெயர் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டதற்கு அவர் செய்த காரியம் காரணம். ஒரு பிழையும் செய்யாமலே மறக்கடிக்கப்பட்ட ஒரு பெயர் இதே நாட்டில் அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் நாம் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

மார்ஷல் வோல்ட்டர் டெய்லர் 1878 நவம்பர் 26ஆம் திகதி இந்தியானாபோலிஸில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம். தாயும் தகப்பனும் கென்டக்கி மாநிலத்திலிருந்து வடக்கே வந்து குடியேறியவர்கள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். தகப்பன் கில்பேர்ட் உள்நாட்டுப் போரில் படைவீரராக இருந்தவர். பின்னர் சதர்ட் என்ற செல்வந்த வெள்ளையர் குடும்பத்தில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் மார்ஷலுக்கும் ஒரே வயது. எட்டு வயதளவில் மார்ஷல் அந்தப் பிள்ளைக்குத் துணையாக அங்கேயே தங்கத் தொடங்கினான். ஒரே மாதிரி உடுப்பு, ஒரே ஆசிரியரிடம் பாடம், ஆளுக்கொரு சைக்கிள். சில ஆண்டுகளில் சதர்ட் குடும்பம் சிக்காகோவுக்கு இடம்பெயர்ந்தபோது, பிள்ளையைப் பிரிய மனமில்லாத தாய் அவனை அனுப்ப மறுத்தார். மாளிகையில் வளர்ந்த சிறுவன் பழைய வீட்டுக்குத் திரும்பினான். கூட வந்தது சைக்கிள் ஒன்றுதான். அதில் பத்திரிகை போட்டு உழைத்தான்.

அந்த மாளிகைக் காலத்திலேயே அவனுக்கு முதல் அடி விழுந்திருந்தது. கூட விளையாடிய வெள்ளைச் சிறுவர்கள் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தபோது அவனுக்கு மட்டும் அங்கே அனுமதி இல்லை. தோலின் நிறத்தால் தனக்கு ஒரு கதவு மூடப்படும் என்பதை அவன் அன்றுதான் அறிந்தான். இந்த வை.எம்.சி.ஏ. அவருடைய கதையின் கடைசியில் இன்னொரு முறை வரும்.

சைக்கிளில் வித்தை காட்டுவதில் மார்ஷல் கெட்டிக்காரன். சைக்கிள் நம்மவர்களுக்கு அந்நியமான பொருள் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அரிசி மூட்டையும் நோயாளியும் கரியரில்தான் போயின. இரவில் அதன் டைனமோவைச் சுழற்றித்தான் றேடியோச் செய்தி கேட்டோம். ஆகவே ஒரு பெடியன் சைக்கிளை வைத்துக்கொண்டு எதையெல்லாம் செய்யலாம் என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. 1892இல் ஹே அன்ட் விலிட்ஸ் என்ற சைக்கிள் கடைக்காரர் அவனுக்கு வாரம் ஆறு டொலர் சம்பளமும் ஒரு புது சைக்கிளும் கொடுத்து, கடை வாசலில் வித்தை காட்டுவதற்கு வைத்துக்கொண்டார்கள். இராணுவ உடுப்புப் போன்ற ஒன்றை அணிந்து அவன் வித்தை காட்டியதால் மேஜர் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு கடையின் விளம்பரத்துக்காக, பாதியில் விழுந்துவிடுவான் என்ற எண்ணத்தோடு, பத்து மைல் வீதிப் போட்டி ஒன்றில் அவனை இறக்கிவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பையன் வென்றுவிட்டான்.

அன்றைய அமெரிக்காவில் சைக்கிளோட்டம் பெரும் பணம் புழங்கிய விளையாட்டு. ஓட்டக்காரர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் முதற்பக்கத்தில் வந்தன. அந்த விளையாட்டை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கச் சைக்கிளோட்டிகள் சங்கம் 1894இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் கூடி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தன் யாப்பைத் திருத்தியது. அடிக்கவில்லை, வெட்டவில்லை, ஒரு தாளில் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். விண்ணப்பப் படிவத்தில் ஒரு விதி எப்படி ஒரு தலைமுறையின் எதிர்காலத்தைத் தின்னும் என்பது, 1970களில் தரப்படுத்தலைக் கண்ட நம் பெற்றோருக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு இந்த விதியை முறைப்படி மறுதலித்தது 1999இல். நூற்றைந்து ஆண்டுகள்.

டெய்லருக்குக் கைகொடுத்தவர் ஒரு வெள்ளையர். பேர்டி மங்கர் என்று அழைக்கப்பட்ட அவர் முன்னாள் ஓட்டக்காரர், சைக்கிள் உற்பத்தியாளர். இந்தக் கறுப்பினப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதற்காக இந்தியானாபோலிஸில் அவருக்கு முகச்சுளிப்புகள் வந்தன. 1895இல் இருவரும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்குப் பெயர்ந்தார்கள். அங்கே ஜோர்ஜ் வீதி என்று ஒரு செங்குத்தான ஏற்றம் இருக்கிறது. டெய்லர் அதில் ஏறி ஏறித்தான் தன் கால்களைப் பழக்கினார்.

1896 மே மாதம் அவர் நியூ ஜேர்சிக்கு வந்தார். இர்விங்டனுக்கும் மில்பேர்னுக்கும் இடையில் நடக்கும் 25 மைல் வீதிப் போட்டி அந்தக் காலத்தில் கிழக்குக் கரையின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்று. முடிவுக்கோட்டுக்கு அரை மைல் இருக்கையில் யாரோ ஒருவன் அவருடைய முகத்தில் ஐஸ் தண்ணீரை வீசி அடித்தான். அவர் 23ஆவதாக வந்தார். இன்று நியூ ஜேர்சியில் இருக்கும் நம் உறவுகள் பலர் நாளாந்தம் வேலைக்குப் போய்வரும் பாதைகளுக்குப் பக்கத்தில்தான் இது நடந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நியூ யோர்க்கின் மடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் ஆறு நாள் போட்டி. டெய்லர் தொழில்முறை ஓட்டக்காரராக இறங்கியது இங்கேதான். பதினெட்டு வயது. இந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பின்னாளில் ஐரோப்பாவின் வீதிகளில் கட்டம் கட்டமாக நடந்த நாட்கணக்கான போட்டிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் கொடூரம் விளங்கும். டூர் டி பிரான்ஸ் முதன்முதலில் 1903இல் நடந்தபோது மொத்தத் தூரம் 2,428 கிலோமீற்றர். அதை ஆறு கட்டங்களாகப் பிரித்து, இடையில் ஓய்வு நாட்கள் விட்டு, 19 நாட்களில் ஓடினார்கள். மடிசன் அரங்கில் கட்டமும் இல்லை, ஓய்வு நாளும் இல்லை. ஆறு நாளும் இரவு பகலாக ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நித்திரை கொண்டால் தூரம் குறையும். பார்ப்பவர்கள் டிக்கெட் வாங்கி வந்து மனிதர்கள் களைத்து விழுவதை வேடிக்கை பார்த்தார்கள். டெய்லர் 142 மணித்தியாலங்களில் 1,732 மைல் ஓடினார். கிட்டத்தட்ட 2,787 கிலோமீற்றர். முதல் டூர் டி பிரான்ஸை விட நீண்ட தூரம், அதுவும் ஒரு வாரத்துக்குள். நித்திரையின்மையால் அவருக்குப் பிரமை பிடித்தது. கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்துகிறான் என்று சொல்லி ஓட மறுத்தார். திரும்பவும் ஏற்றிவிட்டார்கள். எட்டாம் இடத்தில் முடித்தார்.

இரண்டு ஆண்டுகளின் பின் நியூ யோர்க் மாநிலம், ஓர் ஓட்டக்காரர் ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று சட்டம் இயற்றியது. ஏற்பாட்டாளர்கள் அதற்கும் வழி கண்டார்கள். இருவரை ஒரு சோடியாக்கி மாறி மாறி ஓடவிட்டார்கள். இன்று ஒலிம்பிக்கில் நடக்கும் மடிசன் என்ற சோடிப் போட்டி அப்படிப் பிறந்ததுதான். பிரெஞ்சுக்காரர் அதை அமெரிக்கன் என்று அழைக்கிறார்கள். டெய்லர் மட்டும் நெடுந்தூரத்தை விட்டு, குறுந்தூர விரைவோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். நல்ல முடிவு என்றே நமக்குப் படுகிறது.

விரைவோட்டத்தில் அவரை முந்த முடியாதவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். ஒருவர் முன்னுக்கும் இருவர் பக்கத்திலுமாகச் சேர்ந்து பெட்டிக்குள் அடைப்பதுபோல் அடைத்து ஓடுவார்கள். முழங்கையால் இடிப்பார்கள். 1897 செப்டெம்பரில் மாசச்சூசெட்ஸின் டோன்டன் நகரில் ஒரு போட்டி முடிந்த கையோடு, அவருக்குப் பின்னால் வந்த டபிள்யூ. ஈ. பெக்கர் என்ற ஓட்டக்காரர் அவரைச் சைக்கிளிலிருந்து இழுத்து விழுத்திக் கழுத்தை நெரித்தார். டெய்லர் நினைவிழந்து கிடந்தார். பொலிஸார் வந்து விலக்க வேண்டியிருந்தது. பெக்கருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 50 டொலர். அந்த ஆண்டு தேசிய சாம்பியன் பட்டத்துக்கான போட்டிச் சுற்று தெற்கு மாநிலங்களுக்குப் போனபோது அங்குள்ள ஏற்பாட்டாளர்கள் அவருடைய பெயரைப் பதிய மறுத்தார்கள். புள்ளி சேர்க்க முடியாமல் பட்டம் கைநழுவியது.

1899 ஓகஸ்டில் கனடாவின் மொன்ரியல் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்தை வென்றார். குத்துச்சண்டை வீரர் ஜோர்ஜ் டிக்சனுக்கு அடுத்ததாக உலகச் சாம்பியனான கறுப்பினத்தவர் இவர்தான். அவ்வேளை கால் மைல் முதல் இரண்டு மைல் வரை ஏழு உலகச் சாதனைகள் அவர் பெயரில் இருந்தன. 1900இல் அமெரிக்கச் சாம்பியனும் ஆனார்.

வென்ற பணத்தில் வூஸ்டரில், வெள்ளையர் குடியிருந்த ஒரு பகுதியில் வீடு வாங்கினார். அயலவர்கள் பதறிப்போய் அதைத் திருப்பி விற்கச் செய்யப் பார்த்தார்கள். அவர் விற்கவில்லை. இந்த இடத்தில் நாம் வெள்ளையர்களை மட்டும் திட்டிவிட்டுக் கடந்துபோனால் நேர்மையாக இராது. இன்னாருக்குக் காணி விற்கக்கூடாது என்ற பேச்சு நம்முடைய கிராமங்களிலும் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்களும், கதவை மறித்து நின்றவர்களும் தமிழர்தான். டெய்லரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற வீடுகளில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஐரோப்பாவிலிருந்து அவருக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. அவர் போகாமல் இருந்ததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. தாய் இறந்தபின் அவர் தீவிர பக்தராகி, ஞாயிறு ஓடுவதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். ஐரோப்பாவில் பெரிய போட்டிகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பெருந்தொகையை வேண்டாம் என்றார். சனிக்கிழமை தமிழ் வகுப்பா, காற்பந்துப் பயிற்சியா என்று வாராவாரம் தடுமாறும் நமக்கு அந்த உறுதி கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது. கடைசியில் விட்டுக்கொடுத்தவர்கள் ஐரோப்பியர்கள். 1901இல் விக்டர் பிரெயே, ரொபேர்ட் கொக்கெல் என்ற இரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் ஞாயிறு தவிர்த்த ஒப்பந்தத்தோடு அவரை அழைத்துப் போனார்கள்.

பரிஸில் பிரான்ஸின் செல்லப்பிள்ளையாக இருந்த எட்மோன் ஜாக்லின் அவருக்காகக் காத்திருந்தார். 1901 மே 16, வியாழக்கிழமை. பார்க் தே பிரின்ஸ் ஓட்டத்தடத்தில் பெருங்கூட்டம். நல்ல குளிர். ஜாக்லின் வென்றார்; வென்ற களிப்பில் டெய்லரைப் பார்த்துக் கேலியாக ஒரு சைகையும் காட்டினார். பதினொரு நாளின் பின், மே 27, திங்கட்கிழமை மறு போட்டி. வெயில் அடித்தது. டெய்லர் அவரை ஐயத்துக்கு இடமில்லாமல் தோற்கடித்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சிறிய அமெரிக்கக் கொடியை எடுத்து வீசிக்கொண்டு தடத்தைச் சுற்றினார். எந்த நாட்டின் சங்கம் அவரை உறுப்பினராக்க மறுத்ததோ, எந்த நாட்டின் தெற்குத் தடங்கள் அவரை உள்ளே விடவில்லையோ, அந்த நாட்டின் கொடி. நாங்கள் இந்த இடத்தில் பலமுறை நின்று யோசித்திருக்கிறோம். நம்மில் எத்தனை பேர் பிறந்த நாட்டின் கிரிக்கெட் அணி ஆடும்போது எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்திருக்கிறோம். டெய்லருக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. நாடு தன்னுடையது, தடுப்பவர்கள்தான் பிழை என்பதில் அவர் கடைசிவரை தெளிவாக இருந்தார்.

அந்தத் தடத்தின் இயக்குநராக இருந்தவர் ஹென்றி தெகிராஞ்ச். ஜாக்லினின் தோல்வியால் எரிச்சலடைந்த அவர், பரிசுப் பணம் முழுவதையும் பத்துச் சந்தீம் சில்லறைக் காசுகளாகக் கொடுத்தார் என்றும், டெய்லர் அதைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார் என்றும் ஒரு கதை உலவுகிறது. இரண்டு ஆண்டுகளின் பின் டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடக்கி நடத்திய தெகிராஞ்ச்தான் இவர். டெய்லரை அழைத்துப் போன பிரெயேயும் பின்னர் அந்தப் போட்டியின் அதிகாரிகளில் ஒருவரானார். டெய்லர் டூர் டி பிரான்ஸில் ஓடியதில்லை, அவர் விரைவோட்டக்காரர். ஆனாலும் அந்தப் போட்டியை உருவாக்கியவர்களின் கண்முன்னால்தான் அவர் ஐரோப்பாவின் சாம்பியன்களை ஒவ்வொருவராகத் தோற்கடித்தார்.

1902 மார்ச்சில் டெய்சி மொரிஸைத் திருமணம் செய்தார். அந்த ஆண்டின் இறுதியில் தம்பதி அவுஸ்திரேலியா போனார்கள். வெள்ளை அவுஸ்திரேலியா கொள்கை சட்டமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கறுப்பினத்தவரைக் கரையிறங்க விடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் சிட்னியில் கிடைத்தது பெரும் வரவேற்பு. பணம் கொண்டுவரும் நட்சத்திரத்துக்குச் சட்டம் வளைந்து கொடுத்தது என்று நாங்கள் நினைக்கிறோம். படகில் வந்த நம்மவர்களுக்கு அதே கரையில் என்ன கிடைத்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1904இன் இரண்டாவது பயணம் அவ்வளவு இனிக்கவில்லை. ஃபுளொய்ட் மக்ஃபார்லன், ஐவர் லோசன் என்ற இரு வெள்ளை அமெரிக்க ஓட்டக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ஊரில் நடந்த இடியும் அடைப்பும் கடல் கடந்து வந்தன. மெல்பேர்ணில் லோசன் குறுக்கே வெட்டியதில் டெய்லர் விழுந்து மோசமாகக் காயப்பட்டார். லோசனுக்குத் தடை விதித்து, பிறகு அதைக் குறைத்தார்கள்.

அந்த மே மாதம் சிட்னியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரீட்டா சிட்னி என்று பெயர் வைத்தார்கள். நாம் புலம்பெயர்ந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு விட்டுவந்த மண்ணை நினைவூட்டும் பெயரைத் தேடுகிறோம். டெய்லர் தம்பதி, தங்களை மனிதராக நடத்திய அந்நிய ஊரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

கப்பல் சான் பிரான்சிஸ்கோவில் கரை சேர்ந்தது. கைக்குழந்தையோடு இறங்கியவர்களுக்கு உணவகங்களும் தங்குமிடங்களும் கதவை அடைத்தன. இரண்டு கண்டங்களில் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்த மனிதருக்கு, பிறந்த நாட்டில் கால் வைத்த முதல் நாளில் ஒரு வேளைச் சாப்பாடு வாங்குவது பாடாக இருந்தது. இன்று வளைகுடாப் பகுதியில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் நடக்கும் அதே வீதிகள். வூஸ்டர் போய்ச் சேர்ந்தபின் டெய்லர் மனமும் உடலும் முறிந்து படுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சைக்கிளைத் தொடவில்லை.

1907இல் மீண்டும் ஐரோப்பா போனார். பழைய வேகம் இடைக்கிடை மட்டும் வந்தது. பணமுடையில் 1909இல் ஞாயிற்றுக்கிழமை ஓடவும் உடன்பட்டார். அந்த உறுதி உடைந்தது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1910இல், 32ஆவது வயதை எட்டும் வேளையில், விலகினார். வூஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து படிக்க விரும்பினார். உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் இல்லையென்று இடம் கொடுக்கவில்லை. இங்கு வந்து நாற்பது வயதில் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பிக் காத்திருந்தவர்களுக்கு இந்த வரி போதும். தொழில் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

நடுவே ஒரு நல்ல நாள். 1917 செப்டெம்பர், நியூவார்க். அன்று அமெரிக்கச் சைக்கிளோட்டத்தின் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஊர் அது. முன்னாள் தொழில்முறை ஓட்டக்காரர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். 38 வயது டெய்லர் வென்றார். அவருடைய கடைசிப் போட்டி. முகத்தில் ஐஸ் தண்ணீர் விழுந்த இர்விங்டன் பக்கத்து ஊர்தான்.

1920களில் நோயும் கடனும் சேர்ந்து வீட்டை விற்க வைத்தன. அந்த நிலையில்தான் அவர் பல ஆண்டுகள் இருந்து தன் வரலாற்றை எழுதினார். உலகின் அதிவேக சைக்கிளோட்டி என்று பொருள்படும் தலைப்பில், 1928 என்ற ஆண்டைத் தாங்கி, சொந்தச் செலவில் வெளிவந்தது. வாசிக்க இலகுவான புத்தகம் அல்ல. பழைய பத்திரிகைச் செய்திகளை அப்படியே எடுத்துப் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கிறார். போட்டி, திகதி, நேரம், தூரம், யார் இடித்தார்கள், நடுவர் என்ன செய்தார் என்று. இது சலிப்பூட்டும் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தான் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அறிந்த ஒரு மனிதர், எதிர்த்தரப்பின் பத்திரிகைகளையே சாட்சிக்கு இழுத்திருக்கிறார். சாட்சியம், ஆவணம் என்று ஜெனீவாவுக்கு ஆண்டாண்டாய்க் கோப்புகள் சுமந்த சமூகத்துக்கு அந்தச் சலிப்பின் பெறுமதி தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மறுபிரதி இல்லாமல் போன ஏடுகளை நினைத்தால் இன்னும் தெரியும். தன்னை நெரித்தவர்கள் மீதும் பகை இல்லை என்பதையும் அவர் அந்தப் புத்தகத்தில் பதிந்திருக்கிறார். அதே நேரம் அவர்களில் ஒருவருடைய பெயரையும் அவர் விட்டுவிடவில்லை.

அந்தப் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். மனைவி பிரிந்தார். 1930 அளவில் சிக்காகோ போய், அங்கே கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதியின் வை.எம்.சி.ஏ. விடுதியில் தங்கினார். சிறுவயதில் அவரை உள்ளே விடாத அதே அமைப்பு. 1932 ஜூன் 21ஆம் திகதி குக் கவுன்ரி வைத்தியசாலையின் தரும விடுதியில் இறந்தார். வயது 53. உடலைக் கேட்டு எவரும் வரவில்லை. இல்லினோய் மாநிலத்தின் மவுன்ட் கிளென்வூட் மயானத்தில், ஏழைகளுக்கான பகுதியில், பெயர்ப்பலகை இல்லாமல் புதைத்தார்கள்.

1948இல் முன்னாள் ஓட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து, சைக்கிள் உற்பத்தியாளர் பிராங்க் ஷ்வின் கொடுத்த பணத்தில், அவருடைய உடலை எடுத்து அதே மயானத்தில் நல்ல இடத்தில் அடக்கம் செய்து பெயர் பொறித்தார்கள். 1982இல் இந்தியானாபோலிஸில் ஓர் ஓட்டத்தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். வூஸ்டரில் 2008இல் சிலை எழுந்தது. ஜோர்ஜ் வீதி ஏற்றத்தில் அவர் நினைவாகப் போட்டி நடக்கிறது. நியூ ஜேர்சி உட்படப் பல இடங்களில் அவர் பெயரில் சைக்கிள் கழகங்கள் இருக்கின்றன.

மகள் சிட்னி நெடுங்காலம் வாழ்ந்தார். கண்டிப்பும் நீண்ட பிரிவுகளும் நிறைந்த தகப்பனோடு அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. முதுமையில்தான் அவரைப் பற்றி ஆய்வாளர்களிடம் விரிவாகப் பேசினார். டெய்லர் தன் கையால் வெட்டி ஒட்டிச் சேர்த்த பத்திரிகைத் துணுக்குத் தொகுப்புகள் குடும்பத்தோடு பாதுகாப்பாக இருந்து, இன்று இந்தியானா மாநில அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிட்னி 2005இல், 101 வயதில் இறந்தார்.